திரும்பி வருவதற்கான சீட்டு

நெய்தல் திணைப் பாடல்களில் பயணச் செலவு என்ற ஒன்று இல்லை. பரதவன் இரவில் திமில் ஏறிச் செல்கிறான். விடியலில் மீனோடு கரைக்கு வருகிறான். திமிலே அவனுக்கு ஊர்தி, திமிலே தொழிற்கருவி. கரையில் நிற்பவளின் இரங்கலும் பெரும்பாலும் ஓரிரவின் இரங்கலாகவோ, வந்து போகும் தலைவனின் தேரைக் காணாத சில நாள் இரங்கலாகவோ இருக்கிறது. பொருள் தேடி நெடுந்தொலைவு போவது பாலைத் திணைக்கு உரியது. அதற்கு வெயில் உண்டு, கள்வர் அஞ்சும் வழி உண்டு, கார்காலத்தில் திரும்புவேன் என்ற தவணையும் உண்டு. வகுப்பறையில் இவ்விரண்டையும் தனித்தனிப் பாடமாகவே நடத்தி வருகிறோம்.

ஆனால் எங்கள் வகுப்பறையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மீன் பிடிப்பதற்காகவே விமானம் ஏறும் மனிதர்கள் வாழ்கிறார்கள். நீரோடி தொடங்கி இரையுமன்துறை வரை நீளும் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை அது. மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஒரே நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில்களைக் கோத்துச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் இவர்களுக்கு இணையில்லை. முப்பது நாள், நாற்பது நாள் எனத் தங்குகடலுக்குப் போய், இலட்சத்தீவு, குஜராத், சில வேளை டீகோ கார்சியாவின் அருகு வரையிலும் சென்று வருபவர்கள். சொந்தப் படகு இல்லாதவர்களும், படகின் கடனைத் தீர்க்க முடியாதவர்களும் பஹ்ரைன், கத்தார், சவூதி, ஈரான் என்று போகிறார்கள். நெய்தல் நிலத்தான் பாலையின் பிரிவை மேற்கொள்கிறான். தொல்காப்பியம் திணைமயக்கம் என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நாங்கள் கண்டதில்லை.

நாங்கள் என்றது தமிழ்த்துறையின் ஆசிரியர் மூவரை. மாலை வேளைகளில் மாணவர்களின் வீட்டுக்கு வரும் அரசுக் கடிதங்களையும் வங்கிக் கடிதங்களையும் படித்துச் சொல்வது, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. தமிழ் படித்தவர்களுக்கு எழுத்து வேலை எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை இவ்வூர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த நம்பிக்கையின் பேரில்தான் 2023 மே மாதத்தில் இளங்கலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி ஒரு தாளை எடுத்து வந்தாள். அவளுடைய அப்பாவும் உறவினர் ஐவரும் பஹ்ரைனுக்கு இரண்டாண்டு மீன்பிடிக்கப் போவதாகப் பேச்சு. ஆளுக்கு எண்பத்தையாயிரம் ரூபாய் கட்டினால் போதும், விமானச் சீட்டு இலவசம் என்று ஒரு முகவர் அந்தத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் ஒப்பமும் இல்லை, முத்திரையும் இல்லை.

"டிக்கெட்டு சும்மா கிடைக்குது சார். பெறகு என்ன செலவு?" என்றார் அவள் அப்பா. நாற்பத்தாறு வயது. கடலில் எந்தத் திசையில் எந்த நீரோட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்.

"சும்மா கெடைக்கிறது எதுண்ணே? எண்பத்தையாயிரத்துக்கு உள்ளேதான் டிக்கெட் இருக்கு," என்றார் எங்களில் மூத்தவர்.

உண்மையில் அந்த இலவசச் சீட்டு இரண்டு முறை விற்கப்படுகிறது. ஒரு முறை இங்கே முகவர் கட்டணத்துக்குள். மறு முறை அங்கே, கரை சேர்ந்த பிறகு மீனின் பங்கிலிருந்து பிடித்தமாக. வளைகுடாவில் மீன்பிடித் தொழிலாளிக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. பிடித்த மீனை விற்று, எரிபொருள், பனிக்கட்டி, உணவுச் செலவைக் கழித்து, முதலாளியின் பங்கையும் எடுத்த பிறகு மிஞ்சுவதைத் தொழிலாளிகள் பிரித்துக்கொள்கிறார்கள். கழிக்கும் கணக்கு முதலாளியின் கையில் இருக்கிறது. அந்தக் கணக்கில் விமானச் சீட்டு ஒரு வரியாக ஏறிவிட்டால் அது எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல இயலாது.

பயணத்தை மலிவாக்குவது என்றால் முதலில் அந்த வரியை அழிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பட்டது. அறுவரும் தம் பணத்தில் தாமே சீட்டு எடுக்க வேண்டும். அதற்கு எவ்வளவு குறைந்த செலவில் எடுக்க முடியும் என்பதே கேள்வி.

முதலில் ஆவணங்கள். பதிவுபெற்ற ஆட்சேர்ப்பு முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இந்திய அரசு வைத்துள்ள உச்சவரம்பு முப்பதாயிரம் ரூபாய். சரக்கு சேவை வரியைச் சேர்த்தால் 35,400. எண்பத்தையாயிரம் என்பது அதன் இரு மடங்குக்கும் மேல். அறுவரில் நால்வர் பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள். அவர்களது கடவுச்சீட்டில் குடிபெயர்வு ஒப்புதல் தேவை என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இவர்கள் இ-மைகிரேட் இணையதளம் வழியாக ஒப்புதல் பெற்றாக வேண்டும். முகவரோ இந்தத் தொல்லையே வேண்டாம், சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தார். அப்படிப் போகிறவனின் பெயர் அரசின் எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளி என்று இராது. ஈரானுக்குப் போகிறவர்களின் நிலை இன்னும் கடினம். அந்நாடு ஒப்புதல் தேவைப்படும் நாடுகளின் பட்டியலிலேயே இல்லை.

ஒப்புதல் பெறுவதில் இன்னொரு நன்மை இருக்கிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டை அதனோடு எடுத்தாக வேண்டும். இரண்டாண்டுக்கு 275 ரூபாயும் வரியும்தான் கட்டணம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ பத்து இலட்சம் ரூபாய் கிடைக்கும். ஒரு வலையூசிக் கட்டின் விலைக்குள் அடங்கும் இந்தப் பாதுகாப்பைத் தொல்லை என்று சொல்லித்தான் முகவர்கள் தவிர்க்கச் செய்கிறார்கள்.

அவ்வூர்க்காரர் ஒருவர் முகரக்கில் ஒன்பது ஆண்டுகளாக ஒரே முதலாளியிடம் வேலை செய்கிறார். அவர் வழியே பேசி, முறையான வேலை விசாவும் ஒப்பந்தமும் வந்து சேர ஆறு வாரம் ஆயிற்று. சவூதியைவிடப் பஹ்ரைனை அவர்கள் விரும்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. பஹ்ரைனை விட்டு வெளியேற முதலாளி எழுதிக் கொடுக்கும் அனுமதி வேண்டியதில்லை. போகும்போதே வெளியேறுவதைப் பற்றி யோசித்த அந்தப் பெரியவர்களின் அறிவை நாங்கள் வியந்தோம்.

அடுத்தது விமானக் கட்டணம். இதில் கடற்கரைக்காரர்களுக்கு இயற்கையாகவே ஒரு வாய்ப்பு இருக்கிறது. மேற்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அறுபத்தொரு நாள் வேலை இல்லை. அதே காலத்தில் வளைகுடாவில் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை தொடங்குகிறது. அங்குள்ள மலையாளிக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் ஜூன் இறுதியில் ஊருக்கு வருகின்றன. ஆகஸ்ட் இறுதியில் திரும்புகின்றன. ஆகவே ஜூன், ஜூலையில் இங்கே வரும் விமானங்கள் நிறைந்திருக்கும். திரும்பிப் போகும்போது இருக்கைகள் காலியாக இருக்கும். ஆகஸ்ட் இறுதியில் இது தலைகீழாகும். திருவனந்தபுரத்திலிருந்து பஹ்ரைனுக்கு ஜூலை முதல் வாரத்தில் ஒருவழிக் கட்டணம் பன்னிரண்டாயிரத்தை ஒட்டி இருந்தது. அதே வழிக்கு ஆகஸ்ட் கடைசி வாரத்தில் முப்பதாயிரத்தை நெருங்கியது. நீரோட்டம் அறிந்து வலை விரிப்பவருக்கு இது விளங்க நேரம் ஆகவில்லை. "ஆளு வாற ஓட்டத்துக்கு எதுத்துப் போனா மலிவு, அப்படித்தானே சார்?" என்றார் அவர். எங்கள் அரை மணி நேர விளக்கம் அவர் வாயில் ஒரே வரியில் முடிந்துவிட்டது.

சார்ஜாவில் இறங்கி மாறிப் போகும் சீட்டு இன்னும் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தது. அதில் கொண்டு போகும் சுமைக்கு எடை குறைவு. தம் கைக்குப் பழகிய தூண்டில் முட்களையும் ஈயக்கட்டிகளையும் வலையூசிகளையும் அறுவரும் எடுத்துச் செல்ல விரும்பினார்கள். அங்கே கிடைக்காதா என்று கேட்டதற்கு, "நீங்க அடுத்தவரு பேனாவில பரீட்ச எழுதுவீங்களா சார்?" என்ற பதில் வந்தது. கூடுதல் எடைக்குக் கட்டும் பணத்தைச் சேர்த்துப் பார்த்தால் நான்கரை மணி நேரத்தில் நேராகச் சேரும் விமானமே மலிவு. இரும்பு முட்கள் அனைத்தும் சரக்கில் போக வேண்டும், ஒன்றுகூடக் கைப்பையில் இருக்கக் கூடாது என்று மாணவி ஒரு பட்டியல் எழுதி ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டினாள்.

ஊரிலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். களியக்காவிளை போய்ப் பேருந்து மாறித் தம்பானூர் சேர்ந்தால் ஆளுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. இதைக் கணக்கில் எழுதியபோதுதான் எங்களுக்கு முதல் எதிர்ப்பு வந்தது. வழியனுப்ப வீட்டார் அனைவரும் வருவார்கள், ஆகவே வேன் வேண்டும் என்றார்கள் பெண்கள். "ரெண்டு வருசத்துக்குப் போற மனுசனை பஸ் ஸ்டாண்டுல வச்சு அனுப்ப முடியுமா டீச்சர்?" என்று எங்களில் பெண்ணான ஆசிரியையைப் பார்த்து அவர்கள் கேட்டார்கள். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வேனுக்கு எழுதப்பட்டது. மலிவு என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையை வகுக்கும் உரிமை பிரிவைத் தாங்கப் போகிறவர்களுக்கே உண்டு.

இவ்வளவும் போகும் கணக்கு. மாணவியின் அம்மா அதுவரை ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கணக்குத் தாளை மடிக்கும் நேரத்தில் சொன்னார்: "போறதுக்கு ஆயிரம் பேரு உண்டு. வாறதுக்கு யாரு உண்டு?"

எங்கள் கட்டுரையின் பொருள் இந்த ஒரு கேள்விதான். மற்றவை எல்லாம் இதற்கு முன்னுரை.

வேலை ஒப்பந்தங்களில் காலம் முடிந்தால் திரும்பும் சீட்டை முதலாளி எடுத்துத் தருவார் என்று எழுதியிருக்கும். காலம் முடியும் முன் திரும்ப நேர்ந்தால் அது தொழிலாளியின் செலவு. இப்போதே இருவழிச் சீட்டாக எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றால், விமானச் சீட்டுக்குப் பொதுவாக ஓராண்டுக்கு மேல் ஆயுள் இல்லை. இரண்டாண்டுக்குப் போகிறவன் திரும்பும் சீட்டை முன்கூட்டி வாங்கவே முடியாது. வீட்டில் மரணமோ, உடம்புக்கு நோயோ, முதலாளியோடு பிணக்கோ வந்தால் அந்நிய ஊரில் கையேந்தியாக வேண்டும். யார் சீட்டு எடுத்துக் கொடுக்கிறாரோ அவரே திரும்பும் நாளையும் முடிவு செய்கிறார்.

இந்த அச்சத்துக்கு அண்மைக்கால வரலாறு நிறையச் சான்று தருகிறது. 2020இல் கொரோனாவின் போது ஈரான் கரையில் கீஷ், சிருயே, அசலூயே பகுதிகளில் தமிழக மீனவர்கள் மாதக்கணக்கில் படகுகளிலேயே கிடந்தார்கள். இறுதியில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா பந்தர் அப்பாசிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1ஆம் நாள் தூத்துக்குடி வந்து சேர்ந்தது. கப்பலில் இடமின்றி விடுபட்டவர்களும் இருந்தார்கள். 2024 செப்டம்பரில், ஈரானியப் படகுகளில் வேலை செய்த இடிந்தகரை மீனவர் 28 பேரை எல்லை தாண்டியதாகப் பஹ்ரைன் கடலோரக் காவல்படை பிடித்தது. அவர்கள் சிறையிலிருந்து ஊர் திரும்ப டிசம்பர் ஆயிற்று. 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரான் போரின்போது வான்வழி அடைபட்டது. ஆபரேஷன் சிந்து என்ற பெயரில் இந்திய அரசு தன் மக்களைச் சிறப்பு விமானங்களில் அழைத்து வந்தது. ஒவ்வொரு முறையும் போனவர்கள் தனித்தனியாகப் போனார்கள். திரும்புவதற்கு ஓர் அரசே தேவைப்பட்டது.

போரையும் கொள்ளைநோயையும் ஆறு குடும்பங்கள் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வீட்டில் ஒருவர் செத்தால் வந்து மண் போடுவதற்கும், முடியாதபோது முடியாது என்று சொல்லிவிட்டு வருவதற்கும் தேவையான பணத்தைச் சேர்க்க முடியும். தமிழில் சீட்டு என்ற சொல் பயணச் சீட்டையும் குறிக்கும், கூடிச் சேர்க்கும் பணத்தையும் குறிக்கும். இரண்டையும் ஒன்றாக்கியவர் மாணவியின் அம்மாதான். ஊரின் மகளிர் சுய உதவிக்குழுவில் ஏழாண்டு கணக்கு எழுதிய கை அது.

ஆறு வீடும் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போட வேண்டும். ஏலம் கிடையாது, கழிவு கிடையாது, கடனாகவும் எடுக்கக் கூடாது. பணம் ஆறு பெண்களில் மூவர் பெயரில் கூட்டுக் கணக்காக வங்கியில் இருக்கும். ஆறு பேரில் யாருக்குத் திரும்ப வேண்டி வந்தாலும் அன்றைக்கு உள்ள விலைக்குச் சீட்டு எடுக்க வேண்டும். ஏன் வருகிறாய் என்று கேட்கக் கூடாது. இரண்டாண்டு முடிந்து மிஞ்சியதைச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் செய்தது அவர் சொன்னதை விதிகளாக எழுதி ஆறு படி எடுத்தது மட்டுமே. ஏன் வருகிறாய் என்று கேட்கக் கூடாது என்ற விதியை நாங்கள் எங்கள் நடையில் மாற்றி எழுதியபோது, பழையபடியே எழுதுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆண்கள் உடனே ஒப்பவில்லை. "போகுமுன்னே திரும்புறதுக்குச் சீட்டு கட்டினா தொழில் வெளங்குமா?" என்றார் ஒருவர். கடலுக்குப் போகும்போது எப்போது வருவாய் என்று கேட்பது அக்கரையில் வழக்கமில்லை. அந்தத் தடையை ஒதுக்கிவிட முடியாது. தலைமுறை தலைமுறையாக அலையை நம்பிப் போனவர்களின் மனத்தடை அது. மாணவியின் அப்பாதான் பேச்சை முடித்தார்: "நங்கூரம் இல்லாம வள்ளம் எறக்குவமா? அது மாதிரி வச்சுக்கோங்க."

2023 ஜூலை முதல் வாரத்தில் போனார்கள். ஆளுக்குச் செலவு எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குள் அடங்கியது. நகையைப் பணயம் வைத்தவர் இருவர். வட்டிக்கு வாங்கியவர் எவருமில்லை.

பதினோராம் மாதத்தில் சீட்டு முதல் முறையாக எடுக்கப்பட்டது. அறுவரில் இளையவனுக்கு இருபத்து நான்கு வயது. அவன் ஒரு நாள் தொலைபேசியில், எனக்கு முடியவில்லை, வருகிறேன் என்று சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். அவன் வீட்டில் சாவு இல்லை, நோய் இல்லை. போட்ட பணம் அவ்வளவும் அவனுக்கே போகிறதே என்று ஒரு வீட்டில் முணுமுணுப்பு எழுந்தது. மாணவியின் அம்மா விதித்தாளை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் படித்தார். மூன்றாம் நாள் அவன் திருவனந்தபுரத்தில் இறங்கினான். ஏன் வந்தான் என்று இன்றுவரை ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்கக் கூடாது என்பதால் நாங்களும் கேட்கவில்லை. இப்போது தேங்காப்பட்டணத்திலிருந்து கடலுக்குப் போகிறான். வழியில் கண்டால் சிரிக்கிறான்.

மற்ற ஐவரும் 2025 கோடையில் காலம் முடித்துத் திரும்பினார்கள். மிஞ்சிய பணத்தைப் பிரிக்க வேண்டாம், அடுத்துப் போகிற எட்டுப் பேருக்கு அதையே முதலாக வைக்கலாம் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். இளையவனின் வீடும் கடைசி மாதம் வரை தன் ஆயிரத்து ஐந்நூறைத் தவறாமல் போட்டிருந்தது என்பதைக் கணக்கேட்டில் பார்த்தோம்.

பட்டினப்பாலையின் தலைவன் காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் பிரிந்து வரமாட்டேன் என்று செலவு அழுங்குகிறான். அவனுக்கு அழுங்கும் உரிமை இருந்தது. பிழைப்புக்காகப் போகிற ஏழைக்குச் செலவு அழுங்க வழியில்லை. அவனுக்கு நாம் தரக்கூடியது, போன பின்பும் மனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை. அதற்கு ஒரு விலை இருக்கிறது. எங்கள் கணக்கில் அது வீட்டுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

நண்பர்கள் தத்தம் ஊர்களில் வெளிநாட்டுக்குப் புறப்படும் எவரையேனும் அறிந்திருக்கக்கூடும். மலிவான சீட்டைத் தேடிக் கொடுக்கும்போது இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: நாளைக்கே திரும்ப வேண்டுமென்றால் பணம் யார் கையில் இருக்கிறது? விடை வீட்டுப் பெண்ணின் பெயராக இருந்தால் அவர் நிம்மதியாகப் போகலாம்.